முதுநிலையில் நீடித்த வேளாண்மை படிக்கப் போகிறீர்களா? விதைப்பு நாளிலிருந்து தொடங்குங்கள்

முதுநிலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஆறு ஆய்வுத் தலைப்புகள் எழுதிய தாளோடு என் நெறியாளரைப் பார்க்கப் போனேன். தாளை ஒரு முறை படித்துவிட்டு, "எல்லாம் சரி. எப்போது விதைக்கப் போகிறாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் இயந்திரப் பொறியியல் படித்து, மூன்று வருடம் பம்பும் குழாயுமாக வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள். அந்த வேலையில் ஒரு சோதனை சொதப்பினால் மறுநாள் காலையில் திரும்பச் செய்துவிடலாம். பயிரில் சொதப்பினால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். அது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் பலரிடம் அதற்குப் பிறகு பேசியிருக்கிறேன். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: செமஸ்டர் அட்டவணையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் பயிர் அட்டவணையை எடுங்கள்.

இரண்டு வருடப் படிப்பு என்றால் 24 மாதம். கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 24ஆம் மாதத் தொடக்கத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்கிறீர்கள். எழுதித் திருத்த மூன்று மாதம் வேண்டும். அதற்கு முன் லேப் வேலைக்கும் கணக்கீட்டுக்கும் இரண்டு மாதம். ஆக, 18ஆம் மாத முடிவில் அறுவடை முடிந்திருக்க வேண்டும். நான்கு மாதப் பயிர் என்றால் விதைப்பு 15ஆம் மாதத் தொடக்கத்தில். விதைப்புக்கு முன் திடல் (சோதனைக்கான நிலம்) அளந்து, மண் மாதிரி எடுத்து, கருவிகளைச் சோதித்துப் பார்க்க ஒன்றரை மாதம். கருவிகளுக்கு ஆர்டர் போட்டு அவை வந்து சேர இன்னும் மூன்று மாதம். கூட்டிப் பாருங்கள்: 10ஆம் மாதத்துக்குள் ஆய்வு வடிவமைப்பு கையெழுத்தாகியிருக்க வேண்டும். அதாவது முதல் வருடப் பாடங்கள் முடியும் முன்பே.

இதுவும் உங்கள் 15ஆம் மாதம் அந்தப் பயிரின் விதைப்புப் பருவத்தோடு ஒத்துப்போனால்தான். ஒத்துப்போகாவிட்டால் பயிரை மாற்றுங்கள், அல்லது கேள்வியை மாற்றுங்கள். பருவத்தை மாற்ற முடியாது. ஒரு வருட முதுநிலையில் (இங்கிலாந்தில் பெரும்பாலும் அப்படித்தான்) ஆய்வுக்குக் கிடைப்பது கடைசிச் சில மாதங்கள் மட்டுமே. அங்கே புதிதாகப் பயிர் வைத்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, ஏற்கெனவே சேகரித்த தரவையோ கணினி மாதிரியையோ வைத்து ஆய்வு செய்வதுதான் நேர்மையான திட்டம்.

எந்தத் துறையில் சேருவது

படிப்பின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'நீடித்த' என்ற சொல்லை இப்போது எல்லாப் பாடத்திட்டத்திலும் சேர்த்துவிடுகிறார்கள். பாடப் பட்டியலை எடுத்து நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: மண் இயற்பியல், நீரியல், வயல் சோதனைக்கான புள்ளியியல், வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (ஒரு பொருள் உருவாவதிலிருந்து கழிவாவது வரை சூழலுக்கு என்ன செய்கிறது என்ற கணக்கு). இவற்றில் மூன்றாவது இல்லாத படிப்பில் சேர வேண்டாம் என்றே சொல்வேன். மற்றவற்றைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம். அதை, ஒரு திடலின் எதிரில் நின்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

அப்புறம் துறைக்கு எழுதிக் கேளுங்கள். சொந்தமாக ஆய்வுப் பண்ணை இருக்கிறதா? வானிலை நிலையம் இருக்கிறதா, அதன் பழைய பதிவுகளை மாணவர்களுக்குக் கொடுப்பார்களா? மண் மாதிரியை உலர்த்தும் அடுப்புக்கு எத்தனை நாள் வரிசையில் நிற்க வேண்டும்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் அறுவடை வாரத்தில் துறையிலுள்ள அத்தனை பேரும் அதே அடுப்பின் முன்னால்தான் நிற்பார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இரண்டு வருடத்துக்கு 120 கிரெடிட். இரண்டாம் வருடத்தின் பெரும்பகுதி ஆய்வேட்டுக்கும் வெளிப் பயிற்சிக்கும் போய்விடும். அப்படிப்பட்ட அமைப்பில் பருவத்துக்கு இடம் கிடைக்கிறது. கடைசி செமஸ்டர் வரை வகுப்பு வைக்கும் இடங்களில் அதற்காகப் போராட வேண்டியிருக்கும்.

நெறியாளர் இருவராக இருந்தால் நல்லது. ஒருவர் மண் அல்லது பயிர் பக்கம், ஒருவர் பொறியியல் பக்கம். அவர்களுடைய பழைய மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வயலுக்கு அவர் எத்தனை முறை வந்தார்?"

சேரும் முன்பே ஒரு வயலுக்குக் கணக்குப் போட்டுப் பழகுங்கள்

பொறியியலிலிருந்து வருகிறவர்களுக்கு உயிரியல் பயம். வேளாண் அறிவியலிலிருந்து வருகிறவர்களுக்குச் சமன்பாட்டுப் பயம். இரண்டையும் போக்க எனக்கு உதவியது ஒரு பயிற்சி: ஒரு எக்டேர் மக்காச்சோள வயலை எடுத்துக்கொண்டு அதன் நீர், ஆற்றல், தழைச்சத்து (நைட்ரஜன்), கார்பன் ஆகிய நான்குக்கும் வரவு செலவு எழுதுவது. ஒரு நோட்டுப் புத்தகமும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் நீர். வரவு, மழையும் பாசனமும். செலவு, மண்ணும் பயிரும் சேர்ந்து ஆவியாக விடுவது, வேருக்குக் கீழே இறங்கிப் போவது, மேலாக வழிந்து ஓடுவது. மிச்சம் மண்ணில் தங்குவது. உலக உணவு, வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் எண் பாசனக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பென்மன்–மான்டீத் சமன்பாட்டை அதிலிருந்துதான் நான் கற்றேன். 12 செ.மீ. உயரமுள்ள, தண்ணீர்க் குறை இல்லாத புல்வெளி ஒரு நாளில் எவ்வளவு நீர் விடும் என்பதை வெப்பம், ஈரப்பதம், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுகிறோம். பிறகு அதைப் பயிரின் குணகத்தால் பெருக்குகிறோம். புல்வெளிக்கு 5 மி.மீ. என்றால், நடுப்பருவ மக்காச்சோளத்தின் குணகம் 1.2, ஆக 6 மி.மீ. ஒரு எக்டேரில் ஒரு மி.மீ. என்பது 10,000 லிட்டர். எனவே ஒரு நாளுக்கு 60,000 லிட்டர்.

இங்கிருந்து ஆற்றல் கணக்குக்குப் போகலாம். நொடிக்கு 10 லிட்டர் தரும் பம்பு ஒரு மணி நேரத்தில் 36,000 லிட்டர் தரும். பாசனத்தில் 85 சதவீதம்தான் பயிருக்குப் பயன்படுகிறது என்று வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். மொத்த நீரேற்ற உயரம் 30 மீட்டர் என்றால் நீருக்குக் கொடுக்க வேண்டிய திறன் 2.9 கிலோவாட். பம்பும் மோட்டாரும் சேர்ந்த செயல்திறன் பாதி என்றால் 5.9 கிலோவாட், ஒரு நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் மின்சாரம். சொட்டுவான் (சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் வாய்) அடைத்துக்கொண்டு சீராக நீர் வராமல் போனால் இந்த எண் எவ்வளவு ஏறும் என்று அடுத்து நீங்களே கேட்பீர்கள். அந்த இடத்தில் பயிரும் பம்பும் ஒரே பாடமாகிவிடுகின்றன. எனக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

தழைச்சத்துக்கு வாருங்கள். எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால், 46 சதவீதம் உள்ள யூரியாவில் அது 217 கிலோ. போட்ட தழைச்சத்தில் சுமார் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் போகிறது என்பது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு கொடுத்த பொதுவான மதிப்பு. அதாவது ஒரு கிலோ நைட்ரஜன். நைட்ரஸ் ஆக்சைடாக மாற்ற 44/28ஆல் பெருக்கினால் 1.57 கிலோ. அதே குழுவின் ஆறாவது அறிக்கைப்படி நூறு வருடக் கணக்கில் இது கார்பன் டைஆக்சைடைவிட 273 மடங்கு சூடாக்கும். ஆக, சுமார் 430 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். உரத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்கும்போது வெளியானது தனி. அந்த 1 சதவீதம் ஈரமான மண்ணில் ஏறும், வறண்ட மண்ணில் இறங்கும். எப்போது, எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்பதைப் பொறுத்துக் காற்றில் போகும் வாயு மாறுகிறது.

நான்காவதான கார்பன் கணக்கில்தான் நான் அடிபட்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மண் கார்பன்: இரண்டு வருடத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் "மூடாக்கு போட்டால் (வைக்கோல், இலைதழையால் மண்ணை மூடினால்) மண்ணில் கார்பன் ஏறுகிறதா?" என்ற கேள்வியோடு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். நல்ல கேள்விதான். ஆனால் ஒரு பருவத்தில் பதில் கிடைக்காது. கணக்கைப் பாருங்கள்: ஒரு எக்டேரில் 30 செ.மீ. ஆழத்துக்கு, பரும அடர்த்தி (ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் உலர்ந்த எடை) 1.3 கிராம் என்றால், 3,900 டன் மண் இருக்கிறது. அதில் 1 சதவீதம் கார்பன் என்றால் 39 டன். ஒரு பருவத்தில் ஏறுவது இதில் மிகச் சிறிய பங்கு. பக்கத்துப் பக்கத்தில் எடுத்த இரண்டு மாதிரிகளுக்குள் இருக்கும் வித்தியாசமே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

என் தவறு இன்னொன்று. விதைப்புக்கு முன் ஆகரால் (மண்ணைத் துளைக்கும் திருகு) துளைத்து மண் எடுத்துக் கார்பன் சதவீதம் பார்த்தேன். கன அளவு தெரிந்த உலோக வளையத்தை மண்ணில் இறக்கிப் பரும அடர்த்தி எடுக்கவில்லை. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குள் சொட்டுநீர்க் குழாய் பதிக்க டிராக்டர் நாலைந்து முறை ஓடி மண் இறுகிவிட்டது. அடர்த்தி 1.3இலிருந்து 1.4ஆக மாறினால், கார்பன் சதவீதம் மாறாமலேயே 30 செ.மீ. ஆழத்துக்கு 39 டன் 42 டன் ஆகிவிடும். ஒரு துளி கார்பன்கூடச் சேராமல் மூன்று டன் 'ஏறியிருக்கும்'. என் ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஆகவே, திடலில் எந்தச் சக்கரமும் ஏறும் முன் வளையத்தை இறக்குங்கள். முடிந்தால் ஆழத்துக்குப் பதில் சமமான மண் எடையை வைத்து ஒப்பிடுங்கள். கார்பனை டைகுரோமேட் என்ற வேதிப்பொருளால் அளக்கும் முறையில் பார்த்தால் கடைசிவரை அதே முறை. எரித்துப் பார்க்கும் கருவி என்றால் கடைசிவரை அதே கருவி. நடுவில் மாற்றினால் வரும் வித்தியாசம் மண்ணுடையதா, முறையுடையதா என்று பிரிக்க முடியாது.

ஒரு பருவத்தில் மாறுகிறவை வேறு இருக்கின்றன: மண் நீரை உறிஞ்சும் வேகம், மண் கட்டிகள் நீரில் கரையாமல் நிற்கும் திறன், நுண்ணுயிர்களின் சுவாசம், பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றம் ஆகும் எளிய கார்பன். கேள்வியை இவற்றின் பக்கம் திருப்பலாம். கார்பன்தான் வேண்டுமென்றால், பல காலமாக நடக்கும் சோதனைத் திடலைத் தேடிப் போங்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஜான் பென்னட் லாஸ் 1843இல் தொடங்கிய பிராட்பாக் கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. பழைய மண்ணையும் தானியத்தையும் உலர்த்திச் சேமித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாரோ திடல் 1876இல் தொடங்கியது. அதன் பக்கத்தில் நூலகம் கட்ட வேண்டி வந்தபோது, பயிர்மேல் நிழல் விழக் கூடாது என்று நூலகத்தைத் தரைக்கு அடியில் கட்டினார்கள். வயல் வெயிலில் நிற்கும்போது இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

திடலை அமைப்பது

ராதம்ஸ்டெட்டில் குவிந்துகிடந்த எண்களை அலச 1919இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரை வேலைக்கு எடுத்தார்கள். ஒப்பிட விரும்பும் முறைகளில் ஒவ்வொன்றையும் பல பாத்திகளில் திரும்பச் செய்வது (மறுசெய்கை), எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வது, ஒரே மாதிரி நிலத்தை ஒரு தொகுதியாகச் சேர்ப்பது என்று நாம் இன்று செய்வதெல்லாம் அங்கே வடிவம் பெற்றவை. வயல் சோதனைக்குப் புள்ளியியல் பின்னால் ஒட்டவைத்த பாடம் என்று நினைக்காதீர்கள். அது வயலிலேயே பிறந்தது.

நான்கு முறைகளை நான்கு தொகுதிகளில் வைத்தால் பிழைக்குக் கிடைக்கும் கட்டின்மைப் படிகள் (தற்செயல் வேறுபாட்டை மதிப்பிட உதவும் சுதந்திரமான தகவல்களின் எண்ணிக்கை) ஒன்பதுதான். மூன்று தொகுதி என்றால் ஆறு. ஐந்து வைத்தால் பன்னிரண்டு. வேலைக்குப் பயந்து மூன்றில் நிறுத்தாதீர்கள். அதற்குப் பதில் ஒரு முறையைக் குறையுங்கள். முக்கியமான வித்தியாசத்தையே காட்ட முடியாத சோதனைக்கு ஒரு பருவத்தைக் கொடுப்பது வீண்.

பொறியியலிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் செய்யும் தவறு ஒன்று உண்டு. என் முதல் வரைபடத்தில் சொட்டுநீர்ப் பாத்திகள் எல்லாம் ஒரே வால்விலும், வாய்க்கால் பாசனப் பாத்திகள் எல்லாம் இன்னொரு பக்கமும் இருந்தன. குழாய் மிச்சமாகும் என்று அப்படிப் போட்டேன். அதில் எத்தனை பாத்தி இருந்தாலும் ஒவ்வொரு பாசன முறைக்கும் ஒரே ஒரு மறுசெய்கைதான். அந்த வால்வில் அழுத்தம் குறைந்தால் எல்லாப் பாத்தியும் சேர்ந்தே குறையும். 1984இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் இந்தப் 'போலி மறுசெய்கை'யைப் பற்றி எழுதினார். இன்றும் அது ஆய்வேடுகளில் வந்துகொண்டே இருக்கிறது. பாத்திக்கு ஒரு வால்வு வையுங்கள். குழாய்ச் செலவு கூடினாலும் பரவாயில்லை.

தொகுதிகளை எந்தத் திசையில் பிரிப்பது என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் பண்ணையில் பல வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர். நான் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தபோது வந்து பார்த்தார். "மழை பெஞ்சா தண்ணி இந்த மூலையிலதாம்மா நிக்கும்," என்றார். நான் எடுத்த மட்ட அளவுகளில் அந்தப் பள்ளம் தெரியவே இல்லை. குச்சிகளைப் பிடுங்கி, சரிவுக்குக் குறுக்காகத் தொகுதிகளை மாற்றி அடித்தேன். ஒரே தொகுதிக்குள் நிலம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வித்தியாசம் தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையில் போகட்டும். திடலை முடிவு செய்யும் முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு முழுக் காலைப்பொழுது கேட்டுக்கொண்டே நடங்கள்.

பருவம் ஓடும்போது

சொட்டுநீர் அமைத்ததும் சீர்மையை அளந்துவிடுங்கள். சொட்டுவான்களின் கீழ் குவளை வைத்து, ஒரே நேரம் பிடித்து, அளவுகளை வரிசைப்படுத்துங்கள். குறைந்த கால் பகுதியின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் வருவது பகிர்வுச் சீர்மை. இதைத் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என மூன்று முறை செய்யுங்கள். கடைசி எண் குறைந்திருந்தால் அதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். உண்மையான வயலில் அப்படித்தான் நடக்கும்.

ஈரப்பதம் பதியும் கருவியின் பேட்டரி தீர்ந்து எனக்குப் பதினொரு நாள் தரவு போனது. காப்பாற்றியது, தினமும் காலையில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பேடு. பென்சில்தான், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். தேதி, நேரம், வானம், யார் அளந்தது, என்ன விசித்திரமாகத் தெரிந்தது என்று ஐந்து வரி போதும். மண் மாதிரிப் பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. நைட்ரேட் பார்க்க வேண்டிய மண்ணைக் குளிரில் வைத்துச் சீக்கிரம் கரைசல் எடுங்கள். ஈரப்பதத்துக்கான மண்ணை 105 பாகை வெப்பத்தில் ஒரு நாள் உலர்த்துங்கள். மற்றச் சத்துகளுக்கான மண்ணை அந்த அடுப்பில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். இவற்றைக் குழப்பிவிட்டுப் பிறகு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலையாட்களின் நேரத்தையும் எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த வேலைக்கு என்று. ஒரு பாசன முறை தண்ணீரை மிச்சப்படுத்தி, களையெடுப்பை இரட்டிப்பாக்கினால் அதை எந்த விவசாயியும் தொடர மாட்டார். நிறைய ஆய்வேடுகளில் இந்தப் பக்கம் காலியாகவே இருப்பது எனக்கு வருத்தம்.

இதே போல எல்லைக் கோட்டையும் யோசியுங்கள். உலகில் மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் வேளாண்மைக்குப் போகிறது. அதனால் "சொட்டுநீர் 30 சதவீதம் மிச்சம்" என்று எழுதினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வாய்க்காலில் விட்ட நீரில் ஒரு பங்கு கீழே இறங்கி யாரோ ஒருவரின் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம். மிச்சமானதைக் கொண்டு இன்னும் கொஞ்சம் நிலத்தில் பயிர் வைத்தால், அந்தப் படுகையில் ஆவியாகும் மொத்த நீர் கூடிவிடும். வயலுக்கு மிச்சம், ஆற்றுக்கு நட்டம். எந்த அளவில் மிச்சம் என்று சொல்கிறீர்கள், வயலிலா, கிராமத்திலா, ஆற்றுப் படுகையிலா என்பதை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

கணினிப் பக்கம், ஆர் அல்லது பைதான் என்ற நிரல்மொழிகள் இரண்டில் ஒன்று போதும். பயிர் வளர்ச்சியைக் கணக்கிடும் கணினி மாதிரிகளில் அக்வாகிராப், ஆப்சிம், டிஸ்ஸாட் என்று பல உண்டு. ஒன்றை மட்டும் ஆழமாகப் பழகுங்கள். ஒரு பகுதித் தரவுக்குப் பொருந்துமாறு அதன் எண்களைச் சரிசெய்து (அளவுதிருத்தம்), தொடாமல் வைத்த இன்னொரு பகுதியால் சோதியுங்கள்.

எழுத்து விஷயத்தில் ஒரே ஒரு பழக்கம்: செய்முறை அத்தியாயத்தை வேலை செய்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள். வித்தியாசம் எதுவும் வரவில்லை என்றாலும் பயப்படாதீர்கள். நல்ல மழை பெய்த வருடத்தில் பாசன முறைகளுக்குள் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அந்த வருட மழை அளவோடு சேர்த்துச் சொன்னால் அது அடுத்தவருக்கு உதவும் முடிவு.

அறுவடை முடிந்த அன்றே, யாராவது உழுவதற்கு முன், கடைசி மண் மாதிரியை எடுத்துவிடுங்கள். பாத்திகளின் நான்கு மூலைகளையும் ஜிபிஎஸ்ஸில் பதிந்து, நிலையான ஒரு மரத்திலிருந்தோ கம்பத்திலிருந்தோ நாடாவால் அளந்தும் எழுதிவையுங்கள். தரவு, வரைபடம், மிச்ச மண் எல்லாவற்றையும் பெயரிட்டுத் துறையில் ஒப்படையுங்கள். என் திடலில் இப்போது நான்காவது மாணவர் விதைத்திருக்கிறார். மூலைக் குச்சிகள் எப்போதோ போய்விட்டன. இடத்தை அவர் என் பென்சில் குறிப்பிலிருந்து கண்டுபிடித்து, சக்கரம் ஏறும் முன் வளையத்தை இறக்கியிருக்கிறார்.